மணலில் என் தப்படி

ஏப்ரல் 13, ஞாயிறு

நாளைக் காலை ஏழு மணிக்கு இறங்குகிறேன். ஐந்து நாள், ஐம்பத்திரண்டு கிலோமீட்டர், துணைக்கு ஒரு ஆள் கிடையாது. வயது அறுபத்தொன்று. எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது. அதனால் இன்னொரு முறை எழுதுகிறேன்: தனியாக.

இடம், அமெரிக்காவில் யூட்டா பாலைவனத்துக் கேன்யன் ஒன்று. கேன்யன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, செம்பாறையை ஆறு ஆழமாக அறுத்துப்போட்ட பிளவு. இரண்டு பக்கமும் நூறு மீட்டர் சுவர், நடுவில் காய்ந்த ஆற்றுப்படுகை. பெயர் லாஸ்ட் மியூல். எவனோ தன் கோவேறு கழுதையைத் தொலைத்த இடமாம். மேல்வாசலில் இறங்கிக் கீழ்வாசலில் ஏறி வெளியே வரவேண்டும். என் மகள் கோமதி வெள்ளிக்கிழமை மதியம் அங்கே காரோடு நிற்பாள். அவள் அப்பா பாளையங்கோட்டையில் இருக்கிறார். விமானம் ஏறவே மாட்டார்.

அனுமதிச் சீட்டு வாங்கப் போனோம். மர்லீன் என்ற ரேஞ்சர் பெண், என் மகளைவிடச் சின்னவள், ஒரு தாளில் தண்ணீர் இருக்கும் இடங்களைக் குறித்துக் கொடுத்தாள். ஒன்பதாவது கிலோமீட்டரில் ஒரு கசிவு. இருபத்தொன்றில் இடதுபுறம் ஒரு கிளைப்பிளவு, அதன் வாயில் பெரிய காட்டன்வுட் மரங்கள் இரண்டு, உள்ளே வற்றாத ஊற்று. முப்பத்து நான்கில் ஒன்று, ஆனால் அது இருந்தால் உண்டு. தூரம் எப்படித் தெரிந்துகொள்வாய் என்று கேட்டாள். என் காலைத் தட்டிக் காட்டினேன்.

நான் முப்பத்தோரு வருஷம் அரசாங்க நில அளவர். என் தப்படி, அதாவது ஒரு கால் எடுத்து வைக்கும் தூரம், ஆயிரத்து ஐந்நூறு வைத்தால் ஒரு கிலோமீட்டர். வேலையில் சேர்ந்த அன்றும் அதுதான். போன வாரம் பதின்மூன்று கிலோ முதுகுப்பையோடு கோமதி வீட்டுத் தெருவில் நடந்து பார்த்தேன், அன்றும் அதுதான்.

"எம்மா, போன்ல மேப்பு ஏத்தித் தாரேன். நீ நிக்கிற எடத்த நீலப் புள்ளியாக் காட்டும்" என்றாள் கோமதி.

"ஏட்டி, நான் நிக்கிற எடம் எனக்குத் தெரியாதா? ஊராருக்கெல்லாம் அவன் அவன் நிக்கிற எடத்தச் சொல்லிக் குடுத்தவ நான்."

"பாதியில திரும்பி வந்தாலும் கேவலமில்ல. அத மட்டும் மனசுல வச்சுக்கோ."

"நான் எதையும் ரெண்டாந்தடவ அளந்ததில்ல."

கடைசியில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சின்னக் கருவி ஒன்றை மட்டும் பையில் கட்டிவிட்டாள். வானம் விரிந்து தெரியும் இடத்தில்தான் வேலை செய்யுமாம். அதில் ஆபத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான். அதற்கு மேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறேன், கை தவறிக்கூடப் பட்டுவிடக் கூடாது.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அலுவலகத்தில் என் மேசைக்கு மேலே அதைத்தான் எழுதி மாட்டியிருந்தேன். மறு அளவு கேட்டு என்மேல் மனுப் போட்டவர்கள் உண்டு. வைப்பாற்றங்கரையில் மாடக்கண்ணு என்று வெள்ளரி போடும் சம்சாரி ஒருவர், மூன்று தடவை தாலுகா ஆபீஸ் படியேறினார். ஒருவர் மனுவும் நிற்கவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. ஊரில் எல்லோரும் பாயசம் குடித்திருப்பார்கள். நான் அவலில் வெல்லம் போட்டுச் சாப்பிட்டேன்.

பாறைமேல் நடை, கால் பாவி நடக்கும் நல்ல தரை. தப்படி பதின்மூவாயிரத்து ஐந்நூறு வந்ததும் நின்று தலையைத் தூக்கினேன். முப்பது தப்படி தள்ளி, பாறை இடுக்கில் பாசி, சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர். ஒன்பது கிலோமீட்டருக்கு இருபது மீட்டர் பிசகு! பாராட்ட ஆள் இல்லையே என்று வருத்தமாக இருந்தது. சத்தமாக "சபாஷ் உலகம்மா" என்று நானே சொல்லிக்கொண்டேன். சுவர் மூன்று தடவை திருப்பிச் சொன்னது.

ஏப்ரல் 15, செவ்வாய்

பகல் பன்னிரண்டு. கசிவில் நான்கு லிட்டர் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். இன்று காலையிலிருந்து முழுக்க மணல். கணுக்கால்வரை புதைகிறது. வலது குதிகாலில் கொப்புளம், கோமதிக்குச் சொல்லப்போவதில்லை. வெயில் நம்மூர் வெயில்தான், ஆனால் வேர்வை தெரிவதற்குள் காய்ந்துவிடுகிறது. எண்ணிக்கை பதினோராயிரம். இன்னும் ஏழாயிரம் தப்படியில் ஊற்று.

மாலை ஐந்தரை. பதினெட்டாயிரம் முடிந்தது. இடதுபுறம் கிளைப்பிளவு, வாயில் பெரிய காட்டன்வுட் மரம். சரியாக வந்து சேர்ந்தேன். மரம் ஒன்றுதான் இருக்கிறது. மர்லீன் இரண்டு என்றாள். ஒன்று வெள்ளத்தில் போயிருக்கும்.

ஆறரை. கிளைப்பிளவுக்குள் கடைசிவரை போய்ப் பார்த்துவிட்டேன். தண்ணீர் இல்லை. மணலை முழங்கை ஆழம் தோண்டினேன், ஈரம்கூட இல்லை. வற்றாத ஊற்று என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், வந்து பார்த்திருந்தால்தானே? கையில் ஒன்றரை லிட்டர் இருக்கிறது. சமைக்கவில்லை. கடலைமிட்டாய் தின்றால் தாகம் எடுக்கும் என்று அதையும் பையிலேயே வைத்துவிட்டேன். கருவி வானத்தைத் தேடித் தேடி ஓய்ந்துவிட்டது, இங்கே சுவர் அவ்வளவு நெருக்கம்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

ஏப்ரல் 16, புதன்

காலை ஆறு மணி. தண்ணீர் முக்கால் லிட்டர். பின்னால் இருக்கும் கசிவு பன்னிரண்டு கிலோமீட்டர். முன்னால் அடுத்த ஊற்று பதின்மூன்று, அதுவும் இருந்தால் உண்டு. இரண்டும் என்னால் ஆகாது என்று நாக்கே சொல்கிறது.

கூடாரத்தைச் சுருட்டும்போது அந்த ஒற்றை மரத்தின் அடியைப் போய்ப் பார்த்தேன். பக்கத்தில் இன்னொரு மரம் இருந்த சுவடே இல்லை. கட்டை இல்லை, பள்ளம் இல்லை, வேர் இல்லை. பெயர்ந்துபோன எல்லைக் கல்லுக்குக்கூடக் குழி இருக்கும். அளக்கப் போன இடத்தில் இதை ஒரு கத்துக்குட்டி செய்திருந்தால் நான் என்ன பேசியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

அதனால் இதைச் செய்தேன். எலி கடிக்காமல் சாப்பாட்டுப் பையைத் தொங்கவிட ஒரு நீல நைலான் கயிறு வைத்திருக்கிறேன். பழக்கதோஷத்தில் வீட்டிலேயே டேப் வைத்துச் சரியாகப் பத்து மீட்டர் வெட்டியது. அதை மணலில் நேராகப் போட்டு, பையை முதுகில் மாட்டிக்கொண்டு, கூடவே நடந்தேன். பதினைந்து தப்படி வரவேண்டும்.

பதினெட்டரை வந்தது.

திரும்ப நடந்தேன். பதினெட்டரை. இந்த முறை வேண்டுமென்றே காலை வீசி நடந்தேன். பதினெட்டு. கயிற்றின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மணலில் கால் பின்னுக்கு வழுக்குகிறது. எடுத்து வைக்கும் தூரம் வேறு, போய்ச் சேரும் தூரம் வேறு. நேற்று பதினெட்டாயிரம் தப்படிக்கு நான் வந்தது பன்னிரண்டு கிலோமீட்டர் இல்லை, ஒன்பதே முக்கால். ஊற்று வற்றவில்லை. நான்தான் இன்னும் அங்கே போகவில்லை.

கணக்குப்படி இன்னும் நாலாயிரத்து இருநூறு தப்படி. ஒருமுறை பொய்த்த கணக்கை நம்பி மறுபடி முன்னால் போவதா என்றும் யோசித்தேன். நாலாயிரத்து ஐந்நூறு வரை போவது, அதற்குமேல் ஒரு கால்கூட வைக்காமல் நின்று, வானம் தெரியும் இடம் தேடி, பிளாஸ்திரியைப் பிய்ப்பது என்று முடிவு செய்தேன். வேறு வழியும் இல்லை.

காலை ஒன்பதரை. மூவாயிரத்துத் தொள்ளாயிரத்தில் தவளைச் சத்தம். நாலாயிரத்து இருநூற்று நாற்பதில் காட்டன்வுட் மரங்கள், இரண்டு, அண்ணனும் தம்பியும்போல. உள்ளே பாறைத் தொட்டி நிறையத் தண்ணீர்! வடிகட்டியில் ஊற்றி ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடித்தேன். பிறகு அழுதேன். பிறகு இன்னும் ஒரு லிட்டர்.

மதியம். குதிகாலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுதாமல் விடலாம் என்றுதான் பார்த்தேன். விட முடியவில்லை.

மாடக்கண்ணு. 2003, கோடை. ஆற்று வெள்ளத்தில் அவருடைய எல்லைக் கல் அடித்துப் போயிருந்தது. அந்தப் பக்கத்து நிலத்துக்காரர் ஒரு இடம் சொல்கிறார், இவர் ஒரு இடம் சொல்கிறார். பதிவுப்படி ரோட்டுக் கல்லிலிருந்து நூற்றெண்பது மீட்டர். அளவுச் சங்கிலி பிடிக்கும் சுடலை வர நேரமாகும், தாசில்தார் ஜீப்பில் காத்திருக்கிறார். "சங்கிலி எதுக்கு? என் கால் போதும்" என்று நான் நடந்தேன். இருநூற்றெழுபது தப்படி. நின்ற இடத்தில் குச்சியை ஊன்றினேன். தாசில்தார் கைதட்டினார். அந்தக் கைதட்டலை இருபத்திரண்டு வருஷமாகப் பத்து பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

அன்று மாடக்கண்ணு சொன்னதை யாரிடமும் சொன்னதில்லை. துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மரியாதையாகத்தான் சொன்னார். "அம்மா, பாதிக்கு மேல ஆத்து மணலு. மணல்ல தப்படி சுருங்கும். சங்கிலியப் போட்டு ஒருக்கா அளந்திருங்க."

"என் கால் சுருங்காது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ரோட்டிலிருந்து பாதித் தூரம் கெட்டித் தரை, பாதி மணல். மணலில் வைத்தது நூற்று முப்பத்தைந்து தப்படி. தொண்ணூறு மீட்டர் வரவேண்டியது எழுபத்து மூன்றுதான் வந்திருக்கும். பதினேழு மீட்டர் குறைவு. அந்தப் பதினேழு மீட்டருக்குள்தான் அவர் கையால் தோண்டிய ஊற்றுக் கிணறு இருந்தது. பதிவில் ஏறாத கிணறு. கல் நட்டபிறகு அது அந்தப் பக்கத்து ஆளுக்குப் போயிற்று. மாடக்கண்ணு மூன்று தடவை படியேறியது நிலத்துக்காக இல்லை, தண்ணீருக்காக.

அதை நான் அப்போதே அறிவேன். மறு அளவு செய்தால் கைதட்டல் போய்விடும் என்பதும் அப்போதே தெரியும்.

மாலை நான்கு. முடிவு செய்துவிட்டேன். இங்கிருந்து அடுத்த ஊற்று பதின்மூன்று கிலோமீட்டர், முழுக்க மணல். என் பழைய கணக்கில் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு தப்படி, உண்மையில் இருபத்து நாலாயிரம். போய்ச் சேர்ந்தாலும் தண்ணீர் இருந்தால் உண்டு. காலும் இந்தக் கதியில். என்னை யாரும் தடுக்கவில்லை, மழை வரவில்லை, எலும்பு முறியவில்லை. அளவு ஒத்து வரவில்லை, அவ்வளவுதான். திரும்பி மேல்வாசலுக்கே போகிறேன்.

ஊற்றுக்கு வெளியே சுவர் கொஞ்சம் அகன்று வானம் தெரிகிறது. கருவியில் கோமதிக்கு அனுப்பினேன்: "திட்டம் மாறியது. நலம். தண்ணீர் உண்டு. கீழ்வாசல் வேண்டாம். வெள்ளி மதியம் மேல்வாசலுக்கு வா."

பத்து நிமிஷத்தில் பதில்: "எம்மா, இது நீதானா? வேற யாரும் உன் கருவியப் புடுங்கிட்டாங்களா? நம்ம வீட்டு நாய் பேரு என்ன?"

"சிங்காரி. போதுமாட்டி?"

"போதும். அழுதுட்டேன். வாரேன்."

ஏப்ரல் 17, வியாழன்

நான் இரண்டாம் முறை அளந்த முதல் தூரம் இது. ஊற்றிலிருந்து கசிவுவரை பன்னிரண்டு கிலோமீட்டர். மணல் கணக்கில் இருபத்து இரண்டாயிரத்து இருநூறு தப்படி வரவேண்டும். விடிகாலையிலேயே கிளம்பி, வெயில் ஏறியதும் சுவர் நிழலில் படுத்து, மறுபடி நடந்து, எண்ணி எண்ணி வந்தேன். இருபத்து இரண்டாயிரத்து நூற்று நாற்பது.

ஒற்றை மரத்தைத் தாண்டும்போது அதை முறைத்துப் பார்த்தேன். அது என்ன செய்யும், பாவம்.

திரும்பி நடப்பது இத்தனை கம்பீரமாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முன்னால் போனபோது என் காலை மட்டும்தான் பார்த்துக்கொண்டு போனேன். இன்று மணலையும் பார்த்தேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

பதினொன்றரைக்கு மேல்வாசல். கோமதி காருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். கட்டிக்கொண்டு, விட்டு, காலைப் பார்த்து, திட்டி, மறுபடி கட்டிக்கொண்டாள்.

"ரெண்டாந்தடவ அளந்ததில்லன்னு சொன்னவ எங்க போயிட்டா?"

"உள்ளேயே விட்டுட்டு வந்துட்டேன். தொலைஞ்ச கழுதைக்குத் தொணையா இருக்கட்டும்."

ரேஞ்சர் ஆபீஸில் ஒரு பதிவேடு. வெளியேறத் திட்டமிட்ட வாசல், வெளியேறிய வாசல், மாறியதற்குக் காரணம். எனக்கு முன்னால் எழுதியவர்கள் எல்லாம் வெயில், முழங்கால், வேலை என்று எழுதியிருந்தார்கள். நான் "அளவு தவறு, என்னுடையது" என்று தமிழில் எழுதி, கீழே ஆங்கிலத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மர்லீன் அதைப் படித்தாள். உள்ளே போய் எனக்கு ஒரு நாற்காலி எடுத்து வந்தாள்.

ஒற்றை மரத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். இன்னும் சிலரும் அங்கே ஏமாந்திருக்கிறார்களாம். அந்த மரத்திலிருந்து ஊற்று எவ்வளவு தூரம் என்று கேட்டாள். இரண்டு கிலோமீட்டர் இருநூற்றுத் தொண்ணூறு மீட்டர், மணலில் அளந்தது என்றேன். தாளை எடுத்து, இனி வருகிறவர்களுக்காக என் கண்முன்னே அதை எழுதினாள். அமெரிக்க அரசாங்கத் தாளில் உலகம்மாள் அளவு! கோமதி அதைப் போட்டோ எடுத்து அவள் அப்பாவுக்கு அனுப்பிவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

சனிக்கிழமை சுடலைக்குப் போன் போட்டு மாடக்கண்ணுவின் நம்பர் வாங்கினேன். எதுக்கு என்று சுடலை கேட்கவில்லை. அவனுக்கும் தெரியும் போல. இரண்டு நாள் நம்பரை வைத்துக்கொண்டே சும்மா இருந்தேன். இன்று கூப்பிட்டேன்.

"யாரு?"

"சர்வேயர் உலகம்மாள் பேசுதேன். ரெண்டாயிரத்து மூணுல ஒங்க புஞ்சைக்குக் கல்லு நட்டவ."

வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"சொல்லுங்கம்மா."

"அந்தக் கல்லு தப்பு. நான் நடந்தது மணல்ல. நீங்க சொன்னதுதான் சரி. பதினேழு மீட்டர் ஆத்துப் பக்கமா தள்ளி நடணும்."

"பதினாறே முக்கா" என்றார்.

"எப்பிடிச் சொல்லுதிய?"

"நீங்க போன மறுநாளே ரோட்டுக் கல்லுலருந்து அளந்துட்டேன். கெணறு போச்சு, தண்ணி எறைக்கிற கயிறு எங்கிட்டதான இருந்துச்சு. அதப் போட்டு அளந்தேன். பெறவு வருசா வருசம் வெள்ளரி முடிஞ்சதும் ஒருக்கா அளப்பேன். ஒரு தடவகூட மாறல."

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "ஆத்துல போட்டாலும் அளந்து போடும்பாங்க. நீங்க ஆத்துலயே வந்து அளக்காமப் போட்டுட்டிய."

சுருக்கென்றது. என் மேசைக்கு மேலே மாட்டியிருந்த வார்த்தை. மூன்று தடவை மனுவோடு வந்து நின்றவர் அதைப் படித்துக்கொண்டுதானே நின்றிருப்பார்.

"மன்னிச்சுக்கோங்க" என்றேன். முப்பத்தோரு வருஷ சர்வீஸில் சொல்லாத வார்த்தை, நாக்கு ஒன்றும் வெந்துபோகவில்லை. "நீங்க மனுப் போடுங்க. தப்பு எந்தப்புன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன். புது சர்வேயர் அளக்க வரும்போது நானும் கூட வந்து நிப்பேன்."

"ஒங்க வாக்க நம்பி நான் இன்னொருக்கா படியேறணுமாக்கும்?"

"என் வாக்க நம்பாண்டாம். சங்கிலிய நம்புங்க."

அதற்கு அவர் சிரித்தார். வயசான சிரிப்பு, இருமலில் போய் முடிந்தது. "அப்பிடின்னா சரசரன்னு வாங்க. கோடையில வந்தாத்தான் மணலு தெரியும்" என்றார்.

போனை வைத்ததும் கோமதியிடம் சொன்னேன். ஆகஸ்டில் திரும்புவதாக இருந்த டிக்கெட்டை மே மூன்றுக்கு மாற்றச் சொன்னேன். "இன்னொரு திட்டத்தையும் மாத்துதியா?" என்று கேட்டுக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தாள். ஆமாட்டி என்றேன். பதினோராயிரம் வரைபடத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டவள் நான், ஒவ்வொன்றுக்கும் பெருமைப்பட்டவள். இனிமேல் போடப்போகிற ஒரு கையெழுத்துக்கு இருக்கிற பெருமை அதில் எதற்கும் இல்லை. இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, முயலவும் போவதில்லை.

நீலக் கயிற்றை ஊருக்கு எடுத்துப் போகிறேன். சாயங்காலம் வாசல் சிமெண்டில் அதை விரித்து, டேப் வைத்துப் பார்த்தேன். பத்து மீட்டர். சுருட்டி, மறுபடி விரித்து, மறுபடியும் பார்த்தேன்.